மேட்டூர்க் கணக்கும் கடைமடைக் கணக்கும்: ஆங்கில பிஎச்.டி. ஆஃபர்களை எடைபோடுவது

சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பூத்து நிற்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. கடிதங்களும் வரத் தொடங்கும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ திருச்சியிலோ எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு விண்ணப்பித்தவர் கையில் சில சமயம் இரண்டு மூன்று ஆஃபர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கடிதத்தைத் திறந்ததும் கண் போகிற இடம் ஸ்டைபண்ட், அதாவது படிக்கும் காலத்தில் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை. வீட்டில் அதை 90 ரூபாயால் பெருக்கி லட்சமாக்கிவிடுவார்கள். எது பெரிய எண்ணோ அந்த ஊருக்கே போ என்று பேச்சும் முடிந்துவிடும். மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று செய்தியில் வருகிறது. அதைக் கேட்டுவிட்டுக் கடைமடைக்காரர் நாற்றங்காலுக்கு ஏர் பூட்டமாட்டார், தன் வாய்க்காலில் என்ன வருகிறது என்று போய்ப் பார்ப்பார். ஆஃபர் லெட்டரையும் அந்தக் கண்ணோடு படிக்க வேண்டும்.

தள்ள வேண்டியதை முதலில் தள்ளிவிடலாம். ஆங்கில இலக்கியத்தில் காசு கட்டிப் பிஎச்.டி. படிக்கக் கூப்பிடும் கடிதம் எந்தப் பெரிய பெயரிலிருந்து வந்தாலும் வேண்டாம். கணினிப் படிப்புக்கு வாங்கிய கடனைச் சம்பளத்தில் அடைக்கும் கணக்கு இலக்கியத்துக்குச் செல்லாது. எம்.ஏ.க்கு மட்டும் அழைப்பு என்றால், கட்டணம் முழுக்கத் தள்ளுபடியாகி, டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலையும் இரண்டு ஆண்டுக்கு உறுதியாக இருந்தால் யோசிக்கலாம். வருடத்துக்கு 5,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஆடித் தள்ளுபடி. மீதிப் பணம் உங்கள் வீட்டிலிருந்து போகிறது.

இப்போது கடிதம். கட்டணத் தள்ளுபடி என்றால் ட்யூஷன் மட்டும்தான். அதற்குப் பக்கத்தில் ‘ஃபீஸ்’ என்று ஒரு தனி உலகம் இருக்கிறது: தொழில்நுட்பக் கட்டணம், உடற்பயிற்சிக்கூடக் கட்டணம், பேருந்துக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம். இவற்றை டி.ஏ.க்களுக்கும் தள்ளுபடி செய்கிற இடங்கள் உண்டு, செய்யாத இடங்களும் உண்டு. செமஸ்டர் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், அப்போது முதல் சம்பளம் வந்திருக்காது. மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். பல்கலைக்கழகம் முழுப் பிரீமியத்தையும் கட்டுகிறதா, பாதியைக் கட்டுகிறதா, உங்கள் தலையில் கட்டுகிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது மாதங்கள். 22,000 டாலர் என்பது ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது மாத ஆஃபரில் மே மாதத்தோடு பணம் நிற்கும், வாடகை நிற்காது. கோடையில் பாடம் நடத்தும் வாய்ப்பு ‘கிடைக்கலாம்’ என்று எழுதியிருப்பார்கள். மூத்த மாணவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் புதியவருக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் விடுமுறையில் வளாகத்துக்குள் முழு நேரம் வேலை செய்யலாம், வெளியே தன்னிஷ்டத்துக்கு வேலை பார்க்க முடியாது. ஆகவே ஒன்பது மாதப் பணத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பதே நியாயமான கணக்கு.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஆஃபர் பெருநகரத்தில், ஆண்டுக்கு 28,000 டாலர். ஃபீஸ் 1,800, காப்பீட்டில் மாணவர் பங்கு 1,400, பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கு மாதம் 1,200 வீதம் 14,400. இரண்டாவது ஒரு சின்னக் கல்லூரி நகரம், 22,000 டாலர். ஃபீஸ் 600, காப்பீடு அவர்கள் பொறுப்பு, அறை வாடகை மாதம் 600 வீதம் 7,200. முதல் ஆஃபரில் மிஞ்சுவது 10,400, இரண்டாவதில் 14,200. 6,000 டாலர் குறைவாகத் தெரிந்த ஆஃபர் 3,800 டாலர் அதிகம் தருகிறது.

வரியையும் கழியுங்கள். இந்திய-அமெரிக்க வருமான வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி, அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர் அந்நாட்டவரைப் போலவே நிலையான கழிவை (வரி போடாமல் விடும் தொகையை) எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான மற்ற நாட்டு மாணவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2025-க்கு அந்தக் கழிவு 15,750 டாலர். மீதிக்குத்தான் மத்திய வரி: நம் உதாரணத்தில் முதல் ஆஃபருக்கு 1,230 டாலர் போல, இரண்டாவதற்கு 625. மாநில வரி தனி, சில மாநிலங்களில் அதுவே இல்லை. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்ற 7.65 சதவீதப் பிடித்தம் எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் கிடையாது. சம்பளப் பிரிவில் தவறிப் பிடித்துவிட்டால் முதல் சீட்டிலேயே கேட்டுத் திரும்பப் பெற வேண்டும். பாடம் நடத்தாமல் ஃபெலோஷிப்பாக வரும் பணத்தில் 14 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பது வழக்கம், கணக்குத் தாக்கல் செய்யும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும். தாக்கல் செய்ய வேண்டியது வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர். படிவம். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் சாதாரண மென்பொருள் தவறான படிவத்தைப் போட்டுவிடும்.

பணத்தைவிட அதிகம் ஏமாறுகிற இடம் பாட வேலை. கடிதத்தில் ‘1-1’, ‘2-1’, ‘2-2’ என்று இருக்கும், அல்லது ‘0.50 எஃப்.டி.இ. (முழு நேர வேலையில் பாதி), வாரம் 20 மணி நேரம்’ என்று இருக்கும். முதல் வகை, ஒவ்வொரு செமஸ்டரிலும் எத்தனை செக்‌ஷன் (தனி வகுப்பு) உங்கள் பொறுப்பு என்பது. 2-1 என்றால் ஒரு செமஸ்டரில் இரண்டு, மற்றதில் ஒன்று. இதை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாது. அந்த ஒரு செக்‌ஷன் என்ன செக்‌ஷன் என்று கேட்க வேண்டும்.

பேராசிரியர் விரிவுரை நடத்த, வாரம் ஒருமுறை சிறு குழுவோடு கலந்துரையாடி விடைத்தாள் திருத்துவது ஒரு வகை. எழுத்துப் பயிற்சி மையத்தில் மாணவர்களோடு ஒருவர் ஒருவராக உட்காருவது இன்னொன்று, அதில் வீட்டுக்கு எடுத்துப் போகும் தாள் இல்லை. மூன்றாவது, முதலாண்டு காம்போசிஷன் (கட்டுரை எழுதும் பயிற்சி) வகுப்புக்கு நீங்களே முழு ஆசிரியர். சிலபஸ், வகுப்பு, திருத்தல், கிரேடு எல்லாம் உங்களுடையவை. இன்ஸ்ட்ரக்டர் ஆஃப் ரெக்கார்டு என்பார்கள். ஆங்கிலத் துறைகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்த மூன்றாவது வேலைதான். ஆங்கிலத் துறைக்குப் பல பல்கலைக்கழகங்கள் இத்தனை பிஎச்.டி. இடம் கொடுப்பதற்கே இந்த வகுப்புகளை நடத்த ஆள் வேண்டும் என்பது முக்கியக் காரணம். ஷேக்ஸ்பியர் நடத்தப் போகிறோம் என்று நினைத்துப் போகிறவர் வாதத்தைக் கட்டுவது, மேற்கோள் காட்டுவது எப்படி என்று பதினெட்டு வயதுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அது கெட்ட வேலை அல்ல. நம்மூரில் மனப்பாட விடை திருத்திப் பழகியவருக்கு அது புதுப் படிப்பு.

அந்த வேலை எவ்வளவு நேரம் தின்னும்? ஒரு செக்‌ஷனில் 22 பேர், செமஸ்டருக்கு நான்கு கட்டுரை என்று வையுங்கள். 88 கட்டுரைகள். ஒவ்வொன்றும் முதலில் வரைவாக வரும், கருத்து எழுதித் திருப்ப வேண்டும். பிறகு இறுதி வடிவம் வரும். வரைவுக்குப் பத்து நிமிடம், இறுதிக்கு இருபது நிமிடம் என்றால் மொத்தம் 44 மணி நேரம். பதினைந்து வாரத்துக்குப் பரப்பினால் வாரம் மூன்று மணி. வகுப்பு மூன்று மணி, தயாரிப்பு நான்கைந்து, மாணவர் சந்திப்பு இரண்டு. கூட்டினால் 12, 13 மணி. ஆனால் தாள்கள் பரவி வருவதில்லை, ஒரே வாரத்தில் கட்டாக வந்து விழும். இரண்டு செக்‌ஷன் என்றால் தயாரிப்பு இரட்டிக்காது, திருத்தல் இரட்டிக்கும். 44 இறுதிக் கட்டுரைகள் சேர்ந்து வருகிற வாரத்தில் திருத்தல் மட்டுமே பதினைந்து மணி நேரம். அதே வாரத்தில்தான் உங்கள் சொந்த செமினார் கட்டுரைக்கும் கெடு இருக்கும்.

அதனால் செக்‌ஷன் எண்ணிக்கையோடு தலை எண்ணிக்கையையும் கேளுங்கள். அமெரிக்கக் கல்லூரி எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களின் அமைப்பான சி.சி.சி.சி. ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 இருந்தால் நல்லது என்கிறது. 15 பேர் கொண்ட இரண்டு செக்‌ஷன், 25 பேர் கொண்ட ஒன்றைவிட அதிகம்தான், ஆனால் நினைக்கிற அளவு அதிகமல்ல. இரண்டு செக்‌ஷனும் ஒரே பாடமா, வேறு வேறு பாடமா என்பதும் பெரிய வித்தியாசம். வேறு பாடம் என்றால் தயாரிப்பும் இரண்டு.

முதல் ஆண்டே பாடம் நடத்த வேண்டுமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். சில இடங்களில் முதல் ஆண்டு ஃபெலோஷிப், படிப்பு மட்டும். சில இடங்களில் ஆகஸ்டில் ஒரு வாரப் பயிற்சி, அடுத்த திங்கட்கிழமை வகுப்பு. டெல்டாவிலிருந்து போகிறவருக்கு முதல் வகைதான் நல்லது, ஐயாயிரம் டாலர் குறைந்தாலும். வேற்று ஊர், வேற்று உச்சரிப்பு, புது நூலக முறை, வாரம் முந்நூறு பக்கம் வாசிப்பு, இவற்றோடு 22 பேருக்குக் கிரேடும் போடுவது முதல் ஆண்டுப் படிப்பையே தின்றுவிடும். வெளிநாட்டு டி.ஏ.க்களுக்குப் பேச்சு ஆங்கிலத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்கள் பல. அதில் தேறாவிட்டால் வகுப்பு தரமாட்டார்கள், அப்போது ஸ்டைபண்டுக்கு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

வாரம் 20 மணி நேரம் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. எஃப்-1 விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலைக்கு அதுதான் உச்சவரம்பு. டி.ஏ. வேலையே 20 மணி என்றால் நூலகத்தில் உட்கார்ந்து கூடுதலாக நாலு காசு பார்க்க வழியில்லை. கல்யாணமானவர் கவனிக்க வேண்டியது: எஃப்-2 விசாவில் வரும் துணைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. ஒரு ஸ்டைபண்டில் இருவர் என்று கணக்குப் போட வேண்டும். துணைக்கான காப்பீட்டுப் பிரீமியமும் பெரும்பாலும் நம் பொறுப்பாகவே இருக்கும்.

எத்தனை ஆண்டுக்கு உறுதி? ஐந்தாண்டு என்று எழுதுவார்கள், ஆங்கிலத்தில் முடிப்பதற்கு ஆறு, ஏழு ஆகிவிடும். ஆறாம் ஆண்டில் மாணவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைத் துறைத் தலைவரிடம் கேட்டால் மழுப்பலான பதில் வரும், ஆறாம் ஆண்டில் இருப்பவரிடம் கேட்டால் உண்மை வரும். எம்.ஏ.யோடு போகிறவர்களுக்கு ஓராண்டைக் குறைத்து நான்காண்டு மட்டும் தரும் இடங்களும் உண்டு. நம் எம்.ஏ. பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னால் மகிழ்வதற்கு முன், அதனால் பண உறுதியும் ஓராண்டு குறைகிறதா என்று பாருங்கள். ‘திருப்தியான முன்னேற்றமும் நிதி இருப்பும் இருந்தால்’ என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் இருக்கும். மாணவர் தொழிற்சங்கம் உள்ள பல்கலைக்கழகமென்றால் ஒப்பந்தம் இணையத்தில் பொதுவில் கிடைக்கும். குறைந்தபட்சச் சம்பளம், ஆண்டு உயர்வு, வேலை நேரம் மீறினால் எங்கே முறையிடுவது, எல்லாம் அதில் உண்டு. 2022 இறுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு வாங்கியது இந்த வழியில்தான். கடிதத்தைவிட அந்த ஒப்பந்தத்தை அதிகம் நம்பலாம்.

புறப்படும் செலவை யாரும் ஆஃபரில் எழுதுவதில்லை. செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு முறை) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினால் முதல் சம்பளம் செப்டம்பர் கடைசிவரை இழுக்கும், சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்கத் தாமதமானால் இன்னும் தள்ளும். நம் இரண்டாவது ஆஃபர் ஊரிலேகூட முன்பணம், இரண்டு மாத வாடகை, சாப்பாடு என்று 2,500 டாலர் கையில் வேண்டும். விமான டிக்கெட் இல்லாமலே ரூபாயில் இரண்டேமுக்கால் லட்சம் ஆகிவிடுகிறது.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுச் செலவையும் ஸ்டைபண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஸ்டைபண்ட் குறைவாக இருந்தால் மிச்சத்தை நீங்கள் காட்ட வேண்டும். இங்கேதான் டெல்டாக் குடும்பங்களுக்குச் சிக்கல். நன்செய் நிலத்தின் மதிப்புச் சான்று அங்கே பணமாக எண்ணப்படாது, வங்கி இருப்பு, வைப்பு நிதி, கல்விக்கடன் ஒப்புதல் கடிதம் இவைதான் செல்லும். நெல் கொள்முதல் பணம் மொத்தமாகக் கணக்கில் ஏறியிருந்தால் கொள்முதல் நிலைய ரசீதை எடுத்து வையுங்கள், திடீர் வரவு எங்கிருந்து என்று விசா நேர்காணலில் கேட்டால் காட்டலாம். பொதுத்துறை வங்கியில் 7.5 லட்சம் வரை கல்விக்கடனுக்கு அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் வயலை வைத்து வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். வராத கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது என்பதால் வங்கிக்கு அதில் ஆர்வம் இல்லை. வீட்டை வைக்கலாம் என்றால், கோயில் மனையிலும் மடத்து மனையிலும் அடிமனை வாடகை கட்டிக் குடியிருப்பவர்களுக்கு மண் தங்கள் பெயரில் இல்லை. நல்ல ஆஃபர் என்பது இந்தப் பேச்சுக்கே இடம் வைக்காத ஆஃபர்.

உள்ளூர்க் கதவையும் மூடிவிட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) நெட் தகுதித் தேர்வில் மேலே வருபவருக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்., 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் மூத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. இதற்கு மேல் ஊர்த் தரத்துக்கேற்ற வீட்டு வாடகைப்படி, மொத்தம் ஐந்தாண்டு. யூ.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி. மாணவருக்குக் கொடுக்கக்கூடிய கற்பித்தல் வேலை வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம். அமெரிக்க 2-2 வேலையோடு ஒப்பிட்டால் இது காற்று வாங்கும் நேரம். திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்திலோ திருச்சி பாரதிதாசனிலோ வழிகாட்டி கிடைத்து, வீட்டிலிருந்தே போய் வந்தால் கையில் மிஞ்சுவது கணிசம். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000 மட்டுமே, அதில் குடும்பம் நடத்த முடியாது.

இதிலும் கடைமடைப் பிரச்சினை உண்டு. பணம் கனரா வங்கியின் இணையத்தளம் வழியே வருகிறது. ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை உறுதி செய்து அனுப்ப வேண்டும், ஒரு மாதம் விட்டால் அந்த மாதம் நிலுவை. இரண்டாம் ஆண்டு முடிவில் எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கான கோப்பு மேசை மேசையாக நகரும்போது பல மாதம் நிற்கலாம். சேருமுன் அங்குள்ள ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டியது, கடைசியாக எந்த மாதப் பணம் வந்தது என்பதைத்தான்.

வெளிநாடு போவதென்று முடிவெடுத்தவரும் நெட் எழுதிவிட்டுப் போவது நல்லது. ஜே.ஆர்.எஃப். காலாவதியாகும், உதவிப் பேராசிரியர் தகுதி ஆயுளுக்கும் நிற்கும். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பிஎச்.டி.க்கு நெட் விலக்கு உண்டு. அந்த வரம்புக்கு வெளியே உள்ள நல்ல சிறிய துறையிலிருந்து திரும்பி வருகிறவர் கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் நுழைய நினைத்தால் நெட்டோ மாநிலத் தகுதித் தேர்வான செட்டோ இல்லாமல் மாட்டிக்கொள்வார்.

ஆய்வுப் பொருளும் தராசில் ஏற வேண்டும். தரங்கம்பாடி மிஷன் எழுத்துகளைப் பற்றி எழுதப் போகிறவருக்கு மூலங்கள் ஜெர்மனியின் ஹாலேயிலும் கோபன்ஹேகனிலும் கிடக்கின்றன. கோடைப் பயணத்துக்குப் பணம் தரும் துறை அவருக்கு வேண்டும், ஸ்டைபண்டில் ஆயிரம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 15 என்ற தேதி தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள். நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு அதற்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை என்று அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கழகங்களின் தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியல் பொதுவில் உண்டு. மார்ச் 20-க்குள் முடிவு சொல் என்று அவசரப்படுத்தினால் அந்தத் தீர்மானத்தைப் பணிவாக நினைவூட்டலாம். பேரம் பேசுவதற்கும் அதுவே காலம். பட்டமேற்படிப்பு இயக்குநருக்கு எழுதும்போது, உங்கள் துறைதான் என் முதல் விருப்பம், இன்னோரிடத்தில் முதலாண்டு பாடவேலை இல்லை, உங்களால் அதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று மூன்று வரி போதும். ஸ்டைபண்டை உயர்த்தக் கை வராதவர்கள்கூட ஃபீஸுக்கோ பயணத்துக்கோ ஒரு தொகை, இல்லை இரண்டு செக்‌ஷனுக்குப் பதில் ஒன்று, என்று இறங்கி வருவார்கள். போனில் சொன்ன எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். திருத்திய கடிதம் வர வேண்டும்.

வேண்டாம் என்று முடிவான ஆஃபருக்கு அன்றைக்கே மறுப்பு அனுப்புங்கள், காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பணம் போகும். ஏற்றுக்கொள்ளும் ஆஃபருக்குக் கெடு அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை ஐந்து மணி என்றால் நமக்கு 16-ஆம் தேதி அதிகாலை இரண்டரை. அதுவரை இழுக்காமல் பகலிலேயே ஏற்புப் பொத்தானை அழுத்திவிடுங்கள். அழுத்துவதற்கு முன் ஆஃபர் லெட்டரையும் பாடவேலை பற்றிய மின்னஞ்சல்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சேர்க்கைத் தளத்தைச் சில இடங்களில் கோடையிலேயே மூடிவிடுவார்கள்.